ரேடியோ கிரேடு ஆடிஷன்: இன்னும் மனதை உறுத்துகிற ஒரு அனுபவம் சொல்லுங்கள்

கோதை (வாய்ப்பாட்டு)

அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் கிரேடுகள், கீழிருந்து மேலாக பி, பி-ஹை, ஏ, டாப், இவற்றை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ராகப் பட்டியல் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் அல்லவா, அதில் நான் வராளியையும் எழுதிவிட்டேன். பட்டியல் கொஞ்சம் நீளமாக இருக்கட்டுமே என்ற அசட்டுத் துணிச்சல். எங்கள் சார் வராளி சொல்லித்தர மாட்டார். நேருக்கு நேர் சொல்லித்தந்தால் குரு சிஷ்ய உறவு முறிந்துவிடும் என்பார்களே, அதை அவர் முழுசாக நம்புகிறவர். நான் கேசட் கேட்டுத்தான் பாடிப் பழகியிருந்தேன்.

ஸ்டூடியோவுக்குள் போனால் நமக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கேட்கிறவர்கள் முகம் தெரியாது. கல்யாணி கொஞ்சம் பாடினேன். அப்புறம் ஸ்பீக்கரில் குரல்: "வராளி. ஐந்து நிமிடம்."

வயிறு காலியானது போல இருந்தது. தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, எனக்கு அந்த மத்யமம், அந்த 'ம' ஸ்வரம், எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்போது பக்கத்தில் வயலினோடு உட்கார்ந்திருந்த நிலைய வித்வான் (வானொலியிலேயே வேலை பார்க்கும் கலைஞர்), என்னைப் பார்க்காமலேயே, வில்லை மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். ஒரே ஒரு ஸ்வரம். வராளியின் மத்யமம், நன்றாகத் தூக்கி. அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிட்டேன். பி-ஹை வந்தது.

அது எனக்காக வாசித்ததா, சும்மா கை வைத்துப் பார்த்ததா? இருபது வருஷமாக இதே யோசனை. அவர் பெயர்கூடத் தெரியாது.

ஆதிதாளம்68

அம்மா, அது சுருதி பார்த்ததாகத்தான் இருக்கும். மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் கதை மிருதங்கம். ஆகஸ்ட் மாசம், வெளியே வெயில், உள்ளே ஏசி. வீட்டிலேயே தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தில், நாதத்துக்காக ரவை பூசிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கூப்பிட இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் ரவை காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. தட்டிப் பார்த்தால் தகர டப்பா சத்தம். கையில் ரவைப் பொட்டலம் இருக்கிறது, பிசையத் தண்ணீர் இல்லை. பாட்டிலை எங்கேயோ மறந்து வைத்துவிட்டேன். எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஃபிளாஸ்க்கில் அம்மா கொடுத்த டிகிரி காபி. யோசிக்கவே இல்லை. உள்ளங்கையில் ஊற்றி ரவையைப் பிசைந்து அப்பிவிட்டேன்.

சூடு ஆறாத காபி. தொப்பி கும்மென்று பேசியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மிஸ்ர சாபு தாளத்தில் தனி ஆவர்த்தனம் வாசித்து முடிக்கும்வரை அந்த அறை முழுக்க காபி வாசனை. பாட உட்கார்ந்த நிலைய வித்வான் இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார். வாசனை ரெக்கார்டிங்கில் போகாது என்பதுதான் ஒரே ஆறுதல். பி கிடைத்தது. இன்று வரைக்கும் காபி போடும்போது எனக்குச் சாபு தாளம் ஓடும்.

வில்வித்தை

ஆதிதாளம் அண்ணா, உங்கள் காபி கதை அருமை, ஆனால் கோதை அவர்களுக்கு நீங்கள் சொன்ன பதில் சரியில்லை. வயலினில் நான்கு தந்தியும் ச, ப, ச, ப. சுருதி பார்க்கிறவன் எதற்கு மத்யமத்தில் விரல் வைக்கிறான்? அதுவும் வராளி மத்யமம், பஞ்சமத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பது. தற்செயலாக விரல் அங்கே போகாது. அவர் தெரிந்துதான் வாசித்தார்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நடுவில் ஈ தந்தி அறுந்தது. மூன்று தந்தியில் தோடி முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தது போலத் தோன்றியது, சிரித்தார்களா என்று தெரியாது.

சீவாளி மகன்

என்னுடையது அல்ல, அப்பாவுடையது. எழுபதுகளின் கடைசி. நாதஸ்வரம். எங்கள் ஊரில் அதுவரை யாருக்கும் ரேடியோ கிரேடு கிடையாது.

நாதஸ்வரம் கோயில் வெளிப்பிராகாரத்துக்குச் செய்த வாத்தியம், நான்கு சுவருக்குள் அடங்காது. ஊதிய முதல் பிடியிலேயே மீட்டர் முள் ஓரத்துக்குப் போய்விட்டதாம். தள்ளி உட்காரச் சொன்னார்கள். அப்புறம் இன்னும் தள்ளி. கடைசியில் மைக்குக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார்கள். அப்பா சுவருக்குக் காம்போதி வாசித்தார். துளைத் துளையாகப் போட்ட அட்டை ஒட்டிய சுவர். "அந்தத் துளையை எண்ணிக்கிட்டே வாசிச்சேன்டா" என்பார்.

கிரேடு வந்தது. விசிட்டிங் கார்டில் "வானொலிக் கலைஞர்" என்று போட்டுக்கொண்டார். கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயருக்கு முன்னால் அது வந்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம்.

ஆனால் அதற்கப்புறம் வீட்டில் சாதகம் (பயிற்சி) பண்ணும்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கூட்டாளிகள் முன்னால் அவர் முதுகைக் காட்டிச் சிரித்தேன். அவர் திரும்பவில்லை. கீழ்ஸ்தாயியில் இருந்தார், அங்கேயே நின்று நின்று வாசித்தார். கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சபாபதி ரசிகன்

நான் இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை கிடைத்தது. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இளைஞர்கள் படிக்கிறார்கள் என்பதால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். பட்டியலில் பாடத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள் (கோதை அவர்கள் மன்னிக்கவும்). கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிட ஆலாபனை பழகுங்கள். கச்சேரியில் முக்கால் மணி நேரம் பாடுகிறவர்கள்தான் இங்கே திணறுகிறார்கள், ஏனென்றால் ராகத்தின் முகம் முதல் பிடியிலேயே தெரிய வேண்டும். உங்கள் கட்டை (சுருதி அளவு) என்ன என்பதை முன்பே முடிவு செய்யுங்கள், அன்றைக்குத் தொண்டை நன்றாக இருக்கிறதே என்று அரைக்கட்டை ஏற்றாதீர்கள். முதல் நாள் தயிர், ஐஸ் வேண்டாம். சாகித்யத்தைப் பொருள் தெரிந்து பதம் பிரியுங்கள், மூச்சு வாங்குகிற இடத்தில் சொல்லை வெட்டினால் கேட்கிறவர் காதுக்கு அது கல் கடித்தது போல. விவாதி ராகங்களை (உறுத்தலான ஸ்வரச் சேர்க்கை உள்ளவை) வித்தை காட்ட எழுதாதீர்கள். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு கனைக்காதீர்கள். வயலின்காரர்கள் ஒரு செட் தந்தி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கக்காரர்கள் தண்ணீர்.

இன்னொன்று. பெயர் சொல்லாமல் கேட்பது ஏதோ அவமானம் போல இங்கே பேச்சு போகிறது. 1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பிறகு இந்த ஆடிஷன் முறையைக் கொண்டுவந்தபோது பெரிய வித்வான்களுக்கே கோபம் வந்தது, நாங்களா பரீட்சை எழுதுவது என்று. ஆனால் முகம் தெரிந்து கேட்டால் என்ன ஆகும்? யார் பிள்ளை, யார் சிஷ்யன் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வில்வித்தை

சார், அதே ரேடியோதான் 1940இல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டு 1971 வரைக்கும் கதவைச் சாத்தி வைத்திருந்தது. முகம் தெரியாவிட்டால் போதாது, வாத்தியம் பிடிக்காவிட்டாலும் பிரச்சினைதான். அப்புறம், அறிவுரையை யார் கேட்டார்கள்? இழை அனுபவம் பற்றியது.

சபாபதி ரசிகன்

ஹார்மோனியத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பது) வராது என்பது இசைக் காரணம், அதையும் இதையும் குழப்பாதீர்கள். தந்தி விஷயத்தை உங்களுக்காகத்தான் எழுதினேன்.

ரேவதி_வீணை

கிரேடு நல்லதா கெட்டதா என்று சண்டை போடுகிறீர்கள். எனக்கு ஆடிஷன் ஒன்றும் செய்யவில்லை, சுலபமாக முடிந்தது. அதற்கப்புறம் நடந்தது சொல்கிறேன். ஒரு சபாவில் (எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்) செயலாளர் போனில் முதலில் கேட்டது: "கிரேடு என்ன?" பி என்றேன். "அப்படின்னா மத்தியானம் ரெண்டு மணி." என்ன வாசிப்பேன் என்று கேட்கவே இல்லை. ரெண்டு மணிக்குப் போனேன். பதினோரு பேர். அதில் நான்கு பேர் கேண்டீன் திறக்கக் காத்திருந்தவர்கள். போண்டா தயார் என்று யாரோ கை காட்டியதும் நான்கு பேரும் எழுந்தார்கள், நான் ராகம் தானம் பல்லவியில் தானத்தில் இருந்தேன். அதில் ஒருவர் மட்டும் வாசலில் நின்று, தானம் முடியும்வரை கேட்டுவிட்டு, அப்புறம் போனார். அந்த ஆள் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆதிதாளம்68

வில்வித்தை தம்பி சொன்னதை யோசித்தேன். சரிதான், மத்யமத்தில் யாரும் சுருதி பார்க்க மாட்டான். ஆனால் ஒன்று, நிலைய வித்வான் அப்படி எடுத்துக் கொடுத்தது நியாயமா? எனக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லையே!

கோதை (வாய்ப்பாட்டு)

எல்லாருக்கும் நன்றி. சீவாளி மகன், உங்கள் அப்பா கதையை இரண்டு முறை படித்தேன்.

நியாயமா என்று கேட்கிறார் அண்ணா. அதனால்தான் இங்கே எழுதினேன். ஒன்று மட்டும் விட்டுவிட்டேன். பாடி முடித்து எழுந்தபோது அவர் வில்லுக்கு ரெசின் தேய்த்துக்கொண்டிருந்தார். நமஸ்காரம் பண்ணினேன். நிமிராமலே, "வராளியை யாரிடம் பாடம்?" என்றார். கேசட் என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் சாரிடம் அன்றைக்குக் கல்யாணி கேட்டார்கள் என்று மட்டும்தான் சொன்னேன்.