பிளேஸ்மென்ட் டெஸ்ட்: ‘படியறி சோதனை’ என்னும் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர் கணிதத்தையோ ஆங்கிலத்தையோ எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்வதற்காக நடத்தப்படும் பிளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்கு இந்த இழையில் இதுவரை பணியமர்த்தல் தேர்வு, இடமளிப்புத் தேர்வு, நுழைநிலைத் தேர்வு, நிலையறி தேர்வு ஆகிய நான்கு தமிழ்ச் சொற்கள் பரிந்துரையாக வந்துள்ளன. அவற்றை எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் வழக்கோடு பொருத்திப் பார்த்த பின், ‘படியறி சோதனை’ என்பதை முன்வைக்க விரும்புகிறேன்.

முதல் இரண்டையும் விரைவில் விலக்கிவிடலாம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர் “பிளேஸ்மென்ட் உண்டுமா?” என்று கேட்டால், படித்து முடித்ததும் கல்லூரி வழியாக வேலை கிடைக்குமா என்பதே அதன் பொருள். பணியமர்த்தல் என்ற சொல் அந்த வேலைக்கே உரியது. முதல் வாரத்தில் நடக்கும் ஒரு கணிதச் சோதனையை அதனால் குறித்தால் மாணவர் குழம்புவார். ‘இடம்’ என்பதோ கலந்தாய்வில் கிடைக்கும் சீட்டைக் குறித்து நிலைத்துவிட்டது. சேர்க்கை முடிந்த பிறகும் ‘இடமளிப்புத் தேர்வு’ என்று அறிவிப்புப் பலகையில் கண்டால், கிடைத்த இடம் உறுதியில்லையோ என்ற அச்சம் எழும்.

‘நுழைநிலை’ இதைவிடக் கவனத்துடன் ஆக்கப்பட்ட சொல். ஆனாலும் ‘நுழை’ என்ற அடி, தமிழ்நாட்டுக் காதில் நுழைவுத் தேர்வையே எழுப்பும். தொழிற்கல்விச் சேர்க்கைக்கான மாநில நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டு நீக்கிய மாநிலம் இது. நீட் தேர்வு குறித்த வழக்கும் வருத்தமும் இன்னும் ஓயவில்லை. உள்ளே விடலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று கேட்கும் தேர்வுக்கும், உள்ளே வந்தவருக்கு எங்கே தொடங்குவது என்று கேட்கும் சோதனைக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் இந்தக் கருத்தின் உயிர். அதை மங்கச் செய்யும் சொல் நமக்கு வேண்டாம். ‘புகுமுக’ என்ற அழகிய அடையை மீட்கலாமே என்று தோன்றுவது இயல்பே. 1978-இல் மேல்நிலைக் கல்வி வருமுன் பி.யு.சி. படித்தவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்பது இன்றும் நினைவிலிருக்கும் சொல். ஆனால் அதுவும் புகுதலையே பேசுகிறது.

நான்கில் சிறந்தது ‘நிலையறி’ என்பதில் ஐயமில்லை. வளரறி மதிப்பீடு (பாடம் நடக்கும்போதே செய்வது), தொகுத்தறி மதிப்பீடு (பாடம் முடிந்தபின் செய்வது), குறையறி சோதனை (கற்றலில் உள்ள குறையைக் கண்டறிவது) என்று கல்வித்துறையில் ஏற்கெனவே வேரூன்றிய சொற்களோடு அது இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. எனினும் அதில் எனக்கு உடன்பட முடியாத ஒன்று உண்டு. ‘நிலை’ என்பது மாணவருடைய நிலையாகவே கேட்கிறது. அதுவும் ஒரே நிலையாக. எங்கள் மாவட்டத்து முதலாண்டு வகுப்பில் தமிழ்வழியில் படித்தவரும், விளவங்கோடு பகுதியில் மலையாளவழியில் படித்தவரும், மத்திய வாரியப் பள்ளியில் ஆங்கிலவழியில் படித்தவரும் அருகருகே அமர்கிறார்கள். தமிழ்வழியில் வந்த மாணவி வகைநுண்கணிதத்தில் வகுப்பிலேயே முன்னால் நிற்கலாம். அவரே ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதத் தயங்கலாம். ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் பின்னங்களில் தடுமாறலாம். இவர்களுடைய ‘நிலை’ என்ன என்று கேட்டால் விடையே இல்லை. இந்தப் பாடத்தில் எந்தப் படி, அந்தப் பாடத்தில் எந்தப் படி என்று கேட்டால் விடை உண்டு. படி என்பது பாடத்தினுடையது, மாணவருடையது அன்று. சொல்லிலேயே இந்த வேறுபாடு இருந்தால், கீழ்ப்படியில் தொடங்குகிறவர் தம்மைக் கீழானவர் என்று எண்ண வேண்டியதில்லை.

இது மிகையான கவலை அன்று. பொது ஆங்கிலத்தை மாணவரின் திறனுக்கேற்ப ஏ ஸ்ட்ரீம், பி ஸ்ட்ரீம் என்று மேல், கீழ்ப் பிரிவுகளாகப் பிரித்து நடத்தும் கல்லூரிகளில், சில வாரங்களுக்குள் ‘பி ஸ்ட்ரீம்’ என்பது வகுப்பின் பெயராக இராமல் பிள்ளைகளின் பெயராகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மாறாக, தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளின் கற்றல் படிகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. அரும்பு எந்தக் குழந்தையையும் இழிவுபடுத்தாத பெயர். அடுத்து வருவது மொட்டு என்ற நம்பிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அவ்வளவு மென்மை தேவையில்லை என்றாலும், அந்த அக்கறை தேவை.

சொல்லின் பின்பாதியைப் பற்றியும் கூற வேண்டும். ‘தேர்வு’ என்றதும் தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டும் உடன் வந்துவிடுகின்றன. ‘தேர்’ என்ற அடியே சிலரை எடுத்துச் சிலரை விடுவதைக் குறிப்பதால் அதைத் தவிர்க்கவும் இயலாது. இரத்தச் சோதனையில் யாரும் தோற்பதில்லை. அதைப் போன்றே இதிலும் யாரும் தோற்கக் கூடாது என்பதால் ‘சோதனை’ பொருந்தும். துன்பம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்று மறுப்பு வரலாம்; ஆனால் ‘குறையறி சோதனை’யை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறோம், யாரும் அவ்வாறு பொருள்கொள்வதில்லை. ‘படியறி’ என்பது படியை அறிகின்ற, அறியும் என்று விரிந்து வினைத்தொகையாய் நிற்பதால் அடுத்து வல்லினம் மிகாது. ‘படியறிச் சோதனை’ என்று எழுதுவது பிழை. ‘படி’ என்பதைப் படித்தல் என்று கொள்வாரும் இருக்கக்கூடும். அதனால் பொருள் கெட்டுவிடாது.

இச்சோதனையின் குறைபாடுகளைப் பேசவும் சொற்கள் வேண்டும். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி (அங்குள்ள ஈராண்டுக் கல்லூரி) ஆய்வு மையம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய சோதனைகளால் கணிதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் மிகத் தவறான வகுப்பில் சேர்க்கப்படுவதாகக் கணித்தது. தேவையின்றிக் கீழ்ப்படியில் அமர்த்தப்பட்டோர் பலர். கலிபோர்னியா 2017-இல் இயற்றிய சட்டம், உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களையும் கணக்கில் கொண்டே சமுதாயக் கல்லூரி மாணவரை வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றது. இவற்றைத் தமிழில் விவாதிக்க, பிளேஸ்மென்ட்டுக்குப் ‘படியமர்த்தம்’, தவறாக அமர்த்துவதற்குப் ‘படிப்பிறழ்வு’, இரு படிகளைப் பிரிக்கும் மதிப்பெண்ணுக்குப் ‘படிவரம்பு’ என்பவற்றை முன்மொழிகிறேன். கீழ்ப்படியில் நடத்தும் துணை வகுப்புக்குக் ‘குறைதீர் கற்பித்தல்’ என்ற வழக்கிலுள்ள சொல்லே போதும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்லின் வலிமை தெரியும்: “முதலாண்டு மாணவர்களுக்கான கணிதப் படியறி சோதனை திங்கட்கிழமை நடைபெறும். இதில் தேர்ச்சி, தோல்வி இல்லை. இரண்டாம் படியில் அமர்த்தப்பட்டவர் விரும்பினால் முதற்படியிலும் சேரலாம்.” இதை அறிவிப்பாக ஒட்டினால், தேங்காய்ப்பட்டினத்திலிருந்து வரும் மாணவரும் பேச்சிப்பாறையிலிருந்து வரும் மாணவரும் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஈழத்து அன்பர்கள் ‘பரீட்சை’ என்றே எழுதுவதால், அங்கே ‘படியறி பரீட்சை’ என்று வழங்கலாம். முன்பாதி ஒன்றாக இருந்தால் போதும். ‘படிவரம்பு’ மட்டும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. வரம்பு என்பது தாண்டக்கூடாத எல்லையாகவும் ஒலிக்கிறது. மதிப்பெண் என்ற சொல்லும் அதில் இல்லை. அதற்கு மேலான சொல் தோன்றுபவர்கள் இந்த இழையிலேயே எழுத வேண்டுகிறேன்.