ஸ்டாக் ஏர் பாக்ஸா, கோன் ஃபில்டரா? அளந்து பார்த்ததில் தெரிந்தவை

கம்பெனி மாட்டிய காற்றுப் பெட்டியைக் (ஸ்டாக் ஏர் பாக்ஸ்) கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரும் குழாயும் கொண்ட இன்டேக் கிட்டை மாட்டினால் பவர் ஏறும் என்கிறார்கள். அந்தக் கிட்டை வாங்கும் முன் ஒரு சோதனை. வண்டியில் டர்போ இல்லை, ஓபிடி ஸ்கேனரில் (வண்டிக் கணினியின் தகவலைப் படிக்கும் கருவி) மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் காற்றின் அழுத்தம்) தெரிகிறது என்றால் ஐந்து நிமிட வேலைதான். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அன்றைய காற்றழுத்தம்; கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். பிறகு, போக்குவரத்தே இல்லாத இடத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, 6000 ஆர்பிஎம் அருகே என்ன காட்டுகிறது என்று லாக் எடுங்கள். 97 என்றால் காற்று நுழையும் வாயிலிருந்து மேனிஃபோல்டு வரை மொத்த இழப்பு 3 கிலோபாஸ்கல். த்ராட்டில் பாடியின் (ஆக்சிலரேட்டருக்கு ஏற்பத் திறக்கும் காற்றுக் கதவு) பங்கும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு கிலோபாஸ்கல் போனால் ஏறத்தாழ ஒரு சதவீதக் காற்று போகிறது. ஆக, துளித் தடைகூட இல்லாத இன்டேக் ஒன்றை மாட்டினாலும் (அப்படி ஒன்று கிடையாது) உச்ச ஆர்பிஎம்மில் 3 சதவீதம்தான் உச்சவரம்பு. 130 குதிரைத்திறன் வண்டியில் அது நான்கு. கிட் அட்டைப்பெட்டியில் இருபது என்று போட்டிருந்தால் மீதி பதினாறு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

*

மொத்த இழப்பு தெரிந்தால் போதாது, எந்த இடத்தில் இழக்கிறது என்பதுதான் விஷயம். அதற்குத் தண்ணீர் மானோமீட்டர் போதும். 5 மி.மீ. உள்விட்டமுள்ள தெளிந்த பிளாஸ்டிக் டியூபை ‘யு’ வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும், மறுமுனை இன்டேக் ஹோஸில். இரு பக்க மட்டங்களுக்கும் இடையே 10.2 செ.மீ. வித்தியாசம் என்றால் 1 கிலோபாஸ்கல். டியூபின் ஒவ்வொரு கையும் அரை மீட்டருக்குக் குறையக் கூடாது. குட்டையாக வைத்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். இதற்காக ஹோஸில் போடும் துளை 3 மி.மீ. போதும், ஆனால் ஹோஸைக் கழற்றி வெளியே வைத்துத்தான் போட வேண்டும், பிசிறு உள்ளே விழாது. முடிந்ததும் ரப்பர் அடைப்பான் போட்டு மூடிவிடுங்கள். மட்டத்தைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் வேலை அல்ல.

மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: ஃபில்டருக்கு முன் (அழுக்குப் பக்கம்), ஃபில்டருக்குப் பின், த்ராட்டில் பாடிக்கு முன். உதாரணமாக த்ராட்டில் பாடிக்கு முன் மொத்தம் 25 செ.மீ., அழுக்குப் பக்கத்திலேயே 14, ஃபில்டருக்குப் பின் 18 என்று வந்தால், ஃபில்டர் தின்பது வெறும் 4. மூச்சு முட்டுவது ஸ்நார்க்கலில், அதாவது காற்று நுழையும் வாய்க்குழாயில். அந்த வண்டிக்கு எந்த ஃபில்டரை மாற்றியும் புண்ணியமில்லை. வாயைத்தான் பெரிதாக்க வேண்டும். சுத்தமான காகித ஃபில்டரின் பங்கு பெரும்பாலும் எதிர்பார்ப்பதைவிடச் சிறியது.

*

அழுத்தம் பாதிக் கதைதான். மீதி வெப்பம்.

இப்போது வரும் வண்டிகளில் ஸ்டாக் பாக்ஸின் வாய் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டருக்குள்ளோதான் இருக்கிறது. அதாவது அதுவே ‘கோல்டு ஏர் இன்டேக்’. அதைக் கழற்றி, பானட்டுக்குள் திறந்த கோன் ஃபில்டரை வைத்தால் ரேடியேட்டர் தாண்டி வரும் சூட்டைத்தான் எஞ்சின் குடிக்கும். 30 டிகிரி காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. மேலே சொன்ன 3 சதவீதத்தை இதோடு கூட்டிக் கழித்துப் பாருங்கள். போதாததற்கு, உள்ளே வரும் காற்று சூடானதைப் பார்த்து இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்னுக்கு இழுக்கும்.

இன்டேக் டெம்பரேச்சரை வெளி வெப்பநிலையோடு ஒப்பிட்டு லாக் எடுங்கள். நெரிசலில் ஏறுவது எல்லா வண்டிக்கும் உண்டு. சீரான வேகத்தில் சில நிமிடம் ஓடிய பிறகும் வித்தியாசம் 15 டிகிரிக்கு மேல் நின்றால் ஹீட் ஷீல்டு (கோனை எஞ்சின் சூட்டிலிருந்து மறைக்கும் தடுப்பு) ஒழுங்காக அடைக்கவில்லை. ஷீல்டின் மேல் விளிம்பில் ஸ்பாஞ்ச் ரப்பர் ஒட்டி, பானட்டை மூடியபின் அது அமுங்குகிறதா என்று பாருங்கள்.

அலுமினியக் குழாயா பிளாஸ்டிக்கா என்ற சண்டை மட்டும் தேவையில்லாதது. 2.0 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 100 லிட்டர் வரை இழுக்கும். 70 மி.மீ. குழாயில் அது 26 மீட்டர் வேகம். 60 செ.மீ. நீளக் குழாயைக் காற்று கடந்துபோக வினாடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் எவ்வளவுதான் சூடாகும்?

*

அந்தப் பதினாறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் எம்ஏஎஃப் சென்சாரில் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார்) இருக்கிறது.

சென்சார் மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. குழாயின் ஒரு சிறு பகுதியில் ஓடும் காற்றைப் பார்த்து, இன்ன விட்டத்துக்கு இவ்வளவு என்று இசியு கணக்குப் போடுகிறது. ஸ்டாக் ஹவுசிங் 70 மி.மீ., கிட் 76 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே காற்று 15 சதவீதம் மெதுவாகப் போகிறது. சென்சாரும் 15 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிக்கட்டிவிடும். முழு மிதியில், கற்றுவைத்த திருத்தத்தைப் பயன்படுத்தாத இசியு என்றால், லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.85 இருக்க வேண்டிய இடத்தில் 1.0 வரை போய்விடும். முழு லோடில் அது நாக்கிங்குக்கு (கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) அழைப்பிதழ்.

குழப்பம் என்னவென்றால், பிழை சிறிதாக இருந்தால் வண்டி நிஜமாகவே இழுக்கும். கம்பெனி மேப் (இசியுவில் கம்பெனி எழுதிவைத்த கணக்கு) முழு லோடில் கொஞ்சம் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். 5 சதவீதம் குறைந்தால் பவர் ஏறும். லோடு குறைவு என்று நம்பி இசியு டைமிங்கையும் முன்னுக்குத் தள்ளும். டைனோவில் (பவரை அளக்கும் கருவி) தெரியும் உயர்வு இன்டேக் கொடுத்ததல்ல, தவறான அளவீடு கொடுத்தது. அதையே டியூனிங்கில் முறையாக, நாக் சென்சாரைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம்.

மாட்டியபின் ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம்மைப் (பெட்ரோல் அளவில் இசியு செய்யும் திருத்தம், சதவீதத்தில்) பாருங்கள். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டி ±5க்குள் இருந்தால் நிம்மதி. 10 தாண்டினால் காரணம் தேட வேண்டும். 25 அருகே போனால் பி0171 கோடு (கலவையில் பெட்ரோல் குறைவு) வந்து செக் எஞ்சின் விளக்கு எரியும். ஐடிலில் அதிகம், 2500 ஆர்பிஎம்மில் இறங்குகிறது என்றால் எம்ஏஎஃபுக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிவு. எல்லா இடத்திலும் ஒரே சதவீதம் என்றால் ஹவுசிங் விட்டம் பொருந்தவில்லை. ஸ்டாக் ஹவுசிங்கில் சென்சாருக்கு முன் இருக்கும் வலையைப் பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். காற்று சீராக வரத்தான் அது இருக்கிறது. வளைவை ஒட்டிச் சென்சார் உட்கார்ந்திருக்கும் கிட்டில் கோனைக் கொஞ்சம் திருப்பினாலே ரீடிங் மாறும்.

*

இதோட சேர்த்து பிரீதர் ஹோஸையும் சொல்லிடறேன். வால்வ் கவர்லேர்ந்து வர்ற அந்த ஹோஸுக்கு கிட் குழாய்ல எம்ஏஎஃபுக்கு அப்புறம் ஒரு நிப்பிள் இருக்கணும். அதுக்குப் பதிலா சின்ன ஃபில்டர் ஒண்ணைச் சொருகி விட்டா அளக்காத காத்து உள்ள போகும், ஐடில் ஆடும். கிளாம்ப்பை கை ஸ்க்ரூடிரைவரால இறுக்கினா போதும். பவர் டிரைவர் வச்சு இறுக்கினா பிளாஸ்டிக் ஹவுசிங் விரிசல் விடும்.

*

தூசிப் பக்கத்தை யாரும் சொல்வதில்லை. 99.5 சதவீதம் பிடிக்கும் ஃபில்டரை எடுத்துவிட்டு 98 சதவீதம் பிடிப்பதைப் போட்டால் வித்தியாசம் ஒன்றரை அல்ல; எஞ்சினுக்குள் போகும் தூசி நான்கு மடங்கு. வாங்கும்போது ஐஎஸ்ஓ 5011 சோதனையில் (காற்று ஃபில்டர்களுக்கான தரச் சோதனை) எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்டாக் பாக்ஸில் பொருந்தும் பேனல் ஃபில்டராக இருந்தால், விளிம்பு ரப்பரில் மெல்லிதாக கிரீஸ் தடவி ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் திறந்து பாருங்கள். கிரீஸைக் குறுக்கே கடந்து தூசிக்கோடு போயிருந்தால் சீல் பிடிக்கவில்லை.

எண்ணெய்க் காட்டன் ஃபில்டரைக் கழுவினால் நிழலில் முழுக்கக் காய விடுங்கள். ஒவ்வொரு மடிப்பின் உச்சியிலும் ஒரே ஒரு கோடு எண்ணெய், 20 நிமிடம் ஊற விட்டு, வெளுத்த இடத்தில் மட்டும் இன்னொரு தொடல். சொட்டச் சொட்ட ஊற்றினால் எம்ஏஎஃப் கம்பியில் போய்ப் படியும். அதைச் சுத்தம் செய்ய எம்ஏஎஃப் கிளீனர்தான்; கார்பரேட்டர் கிளீனரும் வேண்டாம், காது குடையும் பஞ்சும் வேண்டாம்.

தண்ணீர்: ஃபெண்டருக்குக் கீழே இறங்கும் நீளக் குழாய் கிட் காற்றைக் குளிர்ச்சியாகத்தான் தரும். ஆனால் பம்பர் உயரத் தேக்கத்தில் ஃபில்டர் மூழ்கினால் கனெக்டிங் ராடு வளையும். அப்படி வண்டி நின்றால் ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் ஃப்யூயல் பம்ப்பையும் துண்டித்த பிறகே சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

*

கிட் எல்லாமே ஏமாற்று என்று ஆகிவிட வேண்டாம். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியது, டர்போ பெரிதாக்கியது, ஸ்டாக்கைவிட ஒன்றரை மடங்கு பவர் எடுப்பது, இவற்றில் ஸ்டாக் வாய் உண்மையிலேயே போதாது. டர்போவில் கம்ப்ரசருக்கு முன் 3 கிலோபாஸ்கல் இழந்தால் அழுத்த விகிதம் 2-இல் வெளியே 6 இழப்பு. இசியு பூஸ்ட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அது பவரில் தெரியாமல் போகலாம். வேஸ்ட்கேட் டியூட்டி (பூஸ்ட்டைப் பிடிக்க இசியு டர்போவை எவ்வளவு உழைக்க வைக்கிறது என்பதன் அளவு) இறங்கியிருக்கிறதா என்று லாக்கில் பாருங்கள், பலன் அங்கேதான் இருக்கும்.

டைனோவில் ஒப்பிடுவதானால் ஒரே நாள், ஒரே கியர், பானட் மூடி. பானட்டைத் திறந்து வைத்து ஓட்டினால் திறந்த கோனுக்குச் சாதகம், சாலையில் அப்படி யாரும் ஓட்டுவதில்லை. ஸ்டாக்கில் மூன்று ஓட்டம், கிட்டில் மூன்று, மறுபடி ஸ்டாக்கில் மூன்று. ஒவ்வொன்றும் ஒரே கூலன்ட் வெப்பத்தில் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு ஸ்டாக் தொகுப்புகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிடக் கிட்டின் உயர்வு பெரிதாக இருந்தால்தான் கணக்கில் சேரும். கழற்றிய ஸ்டாக் பாக்ஸை, ரப்பர் புஷ், கிளிப் உட்பட, ஒரே பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது காணாமல் போவது அந்தப் புஷ்தான்.