பல்லின் கழுத்தில் அடைத்த சிமெண்ட் இரண்டு முறை விழுந்துவிட்டது: காரணம் பிரஷா, கடியா?

ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்துகிறேன். மேல் வரிசையில் வலப்பக்கத்து முன்கடைவாய்ப்பற்கள் இரண்டிலும், ஈறை ஒட்டிய இடத்தில், மரத்தில் கோடரி விழுந்த வாயைப் போல ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. உள்ளூர்ப் பல் மருத்துவர் ஒருவர் நான் அழுத்தித் தேய்ப்பதுதான் காரணம் என்று சொல்லிச் சிமெண்ட் அடைத்தார். எட்டு மாதத்தில் விழுந்துவிட்டது. மென்மையான பிரஷுக்கு மாறிய பிறகு மறுபடியும் அடைத்தேன்; தங்கை வீட்டுச் சீரில் வந்த கைமுறுக்கைக் கடித்தபோது அதுவும் போயிற்று. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: அதே பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப்பல்லில், கடிக்கும்போது இல்லாத வலி, கடித்ததை விடும்போது சுரீரென்று வருகிறது. மூன்றாவது முறை அடைப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

தேவகோட்டை ஆச்சி:
நான் மருத்துவம் படித்தவள் அல்லள், ஆனால் என் வீட்டுக்காரருக்கு இதே பள்ளம் இருந்தது. தாங்கள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பாக்குப் போடும் பழக்கம் உண்டா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்:
கேட்டேன், ஆச்சி. பக்கத்து அறை வரை கேட்கிறது என்கிறார்கள். காலையில் தாடை கனப்பதை நான் வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். கொட்டைப்பாக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு முறை போடுவேன், புகையிலை கிடையாது. இன்னொன்றையும் சொல்ல விட்டுவிட்டேன்: இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை ஆறு ஆண்டுகளுக்கு முன் பிடுங்கிய பிறகு அங்கே பல் கட்டிக்கொள்ளவில்லை, ஆகையால் மெல்லுவதெல்லாம் வலப்பக்கத்தில்தான்.

ஓய்வுபெற்ற பல் மருத்துவர்:
தம்பி, முதல் பதிவில் வந்திருக்க வேண்டிய செய்தி மூன்றாவது பதிவில்தான் வந்திருக்கிறது. பாக்குவெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் வைத்த பாக்குக்கு அசையாத வெட்டி, ஆணிக்கு அருகே வைத்தால் அதே கைவலுவுக்குப் பிளந்துவிடும். தாடைக்கு ஆணி காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு என்பதால், முன்பல்லைவிடக் கடைவாய்ப்பல்லில் விசை மிகுதியாக விழுகிறது. நல்ல தாடை உள்ளவர் முழு வலுவுடன் கடித்தால் அங்கே 50 முதல் 70 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். சோறு மெல்வதற்கு அதில் சிறு பங்கே போதும். அன்றாடம் மெல்லும்போதும் விழுங்கும்போதும் பல்லோடு பல் முட்டும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்பது பாடநூல் கணக்கு. இரவில் பல் கடிப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. உணவு இடையில் இல்லாமல், பல்லின்மேல் பல்லே பக்கவாட்டில் அரைபடுகிறது.

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். கண்ணாடியின்மேல் நீங்கள் முதலில் ஊற்றும் வண்ணச் சிமெண்ட் மெல்லிய அடுக்கு, முதுகில் இடும் மணற்கலவைதான் கல்லின் பருமன். பல்லும் அப்படி ஈரடுக்கு உடையதே. மேலே உள்ள எனாமலில் எடைக்கணக்கில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள். நம் உடலில் அதைவிடக் கடினமானது எதுவும் இல்லை, ஆனால் அது வளையாது, விரிசல் விடும். கீழே உள்ள டென்டினில் தாது சுமார் 70 விழுக்காடுதான், மீதி கொலாஜன் புரதமும் நீரும் என்பதால் அது சற்று வளைந்து கொடுக்கும். கடிமேடுகளில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும் எனாமல், கழுத்துக்கு வரும்போது கத்தி முனையாக மெலிந்துவிடுகிறது. நேராக விழும் கடி வேருக்கு இறங்கிவிடும். சாய்வாக விழும் கடியிலோ பல் இம்மியளவு வளைகிறது. ஒரு பக்கம் அமுங்கும்போது மறுபக்கம் இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்கும் எனாமல் இழுப்பைத் தாங்காது. அந்த அழுத்தம் குவியும் இடம் கழுத்துதான். உங்கள் சிமெண்ட் நிற்காமல் போனதற்கும் இது ஒரு காரணம், ஏனெனில் அடியில் அசையும் தரையில் இடுக்குப் பூச்சு நிற்பதில்லை. பள்ளத்தின் பரப்பு பளபளவென்று இறுகிவிட்டிருந்தால் ஒட்டும் பசையும் சரியாகப் பிடிக்காது.

கீழ்ப்பல் வலிதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. கடியை விடும்போது சுரீரென்பது விரிசல் விட்ட பல்லின் அடையாளம். கடிக்கையில் பிளவின் இரு பக்கமும் விலகி, விடுகையில் சட்டென்று சேர்வதால் உள்ளே நரம்பு துடிக்கிறது. எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. ஒவ்வொரு கடிமேட்டையும் தனித்தனியாகக் கடிக்க வைத்துத்தான் கண்டுபிடிப்போம். வீட்டில் பாக்கை வைத்துச் சோதிக்க வேண்டாம், பல் இரண்டாகப் பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தொலைவில்லை.

பல் மருத்துவ முதுகலை மாணவி:
ஐயா சொன்னதில் ஒரு பகுதியோடு மட்டும் பணிவுடன் மாறுபடுகிறேன். வளைவினால் கழுத்து உதிர்கிறது என்ற கருத்துக்கு 1991இல் கிரிப்போ என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஆப்ஃப்ராக்‌ஷன் என்று பெயரிட்டார். அது இன்னும் விவாதத்தில் இருக்கும் கோட்பாடு, கடியே தனியாக இத்தகைய பள்ளத்தைத் தோண்டிவிடும் என்பதற்கு உறுதியான சான்று போதவில்லை. பற்பசையின் உராய்வும் புளிப்பின் அமிலமும் சேர்ந்தே பெரும்பாலும் தோண்டுகின்றன. வாயின் கார அமிலத்தன்மை அளவு (pH) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பிரஷை எடுப்பது, ஈரம் காயாத கல்லை மணலால் தேய்ப்பதற்கு ஒப்பு. பட்டறைக்காரர் அண்ணன் மூன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் கையால் பல் துலக்குகிறீர்கள்? புளிப்பான பானம் அடிக்கடி குடிப்பதுண்டா? கடிக்கும் பரப்பில் தேய்வு தட்டையாகப் பளபளக்கிறதா, கிண்ணம்போல் குழிந்திருக்கிறதா? பல்லோடு பல் அரைபட்ட தேய்வு தட்டையாக இருக்கும், எதிர்ப்பல்லின் தேய்வோடு சரியாகப் பொருந்தும். அமிலத் தேய்வு குழியும், எதிலும் பொருந்தாது.

ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்:
வலக்கையால் துலக்குகிறேன். புளிப்புப் பானம் குடிப்பதில்லை. கண்ணாடியில் பார்த்தேன், தட்டையாகத்தான் இருக்கிறது. கொத்த வேண்டிய அம்மியைப் போல வழுவழுத்துவிட்டது.

பல் மருத்துவ முதுகலை மாணவி:
வலக்கையால் துலக்குபவருக்குப் பொதுவாக இடப்பக்கமே அழுத்தம் கூடும், ஆனால் உங்கள் பள்ளம் வலப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் விஷயத்தில் ஐயாவின் பக்கம் சாய்கிறேன், கோட்பாட்டில் சாயவில்லை. அம்மியைக் கொத்திக்கொள்ளலாம், எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால் அது மீண்டும் வளராது. பாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்: புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. வாய் முன்போல் அகலமாகத் திறக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆத்தங்குடிப் பட்டறைக்காரர் (ஏழு வாரங்களுக்குப் பிறகு):
மருத்துவர்கள் மை பூசிய மெல்லிய தாளைக் கடிக்க வைத்துப் பார்த்ததில், பக்கவாட்டில் அரைக்கும்போது அழுத்தமான புள்ளி அந்த இரண்டு முன்கடைவாய்ப்பற்களில்தான் விழுந்தது. கீழ்ப்பல்லில் விரிசல் உறுதியாயிற்று. நரம்பு வரை போகவில்லை என்பதால் ரூட் கேனால் இல்லாமல் கேப் மட்டும் போட்டார்கள். அடுத்து இடப்பக்கத்தில் பல் கட்ட வேண்டும், கழுத்துப் பள்ளத்தை அடைப்பது எல்லாவற்றுக்கும் பிறகுதான் என்றார்கள். வாய் திறப்பில் குறையில்லை. பாக்கை விட்டு ஆறு வாரம் ஆகிறது. கணக்கு எழுதும்போது மட்டும் கை பாக்குப் பெட்டியைத் தேடுகிறது. இரவில் போட்டுக்கொள்ளத் தந்த நைட் கார்டில் (பல்லின்மேல் மாட்டும் காப்பு உறை) இரண்டே வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழுந்திருக்கிறது. அதை வெந்நீரில் கழுவலாமா?

ஓய்வுபெற்ற பல் மருத்துவர்:
கூடாது, வெந்நீரில் அது வளைந்துவிடும், பிறகு பல்லில் பொருந்தாது. சாதாரணத் தண்ணீரில் மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் அரைக்கிறீர்கள் என்பது அந்தக் கீறல்களில் தெரியும்.