மடிக்கணினியில் வைஃபை திடீரென மறைந்துவிட்டது, அவசரமாக உதவி தேவை

வரவு செலவு | 18ஆம் தேதி, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் இன்று மாலையிலிருந்து வைஃபை வேலை செய்யவில்லை. காலையில் நன்றாகத்தான் இருந்தது. மதியம் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், வந்து திறந்தபோது நெட் இல்லை. நான் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். மூன்று பேருடைய ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி வரிப் படிவங்களை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் அவர்கள் தலையில் விழும். கோப்புகள் எல்லாம் இந்தக் கணினியில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

கொங்கு நாட்டான் | இரவு 9:20

உங்கள் கைப்பேசியில் அதே வைஃபை கிடைக்கிறதா? கிடைக்கிறது என்றால் ரௌட்டரின் சேனல், அதாவது அது பயன்படுத்தும் அலைவரிசைப் பிரிவுதான் காரணம் என்பது என் கணிப்பு. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1 முதல் 13 வரையுள்ள சேனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான் பயன்படுத்துவார்கள். அமெரிக்க அமைப்போடு வந்துவிட்ட சில மடிக்கணினிகள் 12, 13 ஆகிய சேனல்களைத் தேடவே தேடாது. ரௌட்டர் தானாக 13க்கு மாறிவிட்டால் கைப்பேசிக்கு நெட் வரும், கணினிக்கு மட்டும் உங்கள் வைஃபையின் பெயர்கூடத் தெரியாது. என் வீட்டில் இதே காரணத்தால் மூன்று நாட்கள் அலைந்திருக்கிறேன். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனலை 6 என்று நிலையாக வைத்துப் பாருங்கள்.

பழைய பலகை | இரவு 9:31

"வேலை செய்யவில்லை" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது, நண்பரே. கேள்வி கேட்பவர்கள் முதலில் தர வேண்டிய விவரங்களை இந்தப் பகுதியின் தலைப்பிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். அவற்றைத் தொகுத்து எழுதியவனே நான்தான். கணினியின் மாதிரி எண், இயங்குதளம், திரையில் வரும் பிழைச் செய்தி, மற்றக் கருவிகளில் நெட் இருக்கிறதா, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற ஐந்தில் ஒன்றுகூட உங்கள் பதிவில் இல்லை. படிவம் தாக்கல் செய்யும்போது ஐந்து கட்டங்களைக் காலியாக விட்டால் அது ஏற்கப்படுமா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

திண்ணை வாசி | இரவு 9:38

மதியம் வரை இருந்து மாலையில் போயிருக்கிறது என்றால் இடையில் விண்டோஸ் அப்டேட் வந்து டிரைவரை, அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளைக் கெடுத்திருக்கும். கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை கார்டின் மேல் வலது சொடுக்கி, அதன் பண்புகளில் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் டிரைவர்களை எல்லாம் தானாகத் தேடித் தரும் தொகுப்பு மென்பொருள் ஒன்றை வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டு வந்து போடுங்கள்.

ஒற்றைப் பனை | இரவு 9:50

அந்தத் தொகுப்பு மென்பொருளை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம். வணிகர்களின் கணக்கும் கடவுச்சொல்லும் இருக்கும் கணினி அது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத டிரைவர்களை அதில் இறக்குவது ஆபத்து. டிரைவர் வேண்டுமென்றால் மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்தில், உங்கள் மாதிரி எண்ணைக் கொடுத்து எடுப்பதே சரி.

ஐயா, உங்களுக்கு முதல் தேவை தாக்கல். வைஃபையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசி ஆண்ட்ராய்டாக இருந்தால், சார்ஜ் செய்யும் கேபிளால் அதைக் கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கணினி அதைக் கம்பி வழி வரும் இணைப்பாகவே எடுத்துக்கொள்வதால், வைஃபை கார்டு செத்தே போயிருந்தாலும் நெட் வரும். கேபிள் மட்டும் தரவையும் கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். மின்சாரத்தை மட்டும் கடத்தும் மலிவான கேபிள்களில் இது நடக்காது.

அது முடிந்த பின் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். இதில் மூன்று நிலைகள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. திரையின் கீழ் மூலையில் வைஃபைக் குறியே இல்லை, அமைப்புகளிலும் வைஃபை என்ற வரியே காணோம் என்றால், கார்டையே கணினி உணரவில்லை அல்லது அதை இயக்க முடியவில்லை என்று பொருள்; அப்போது ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. அக்கம்பக்கத்து வைஃபைப் பெயர்கள் தெரிகின்றன, உங்களுடையது மட்டும் தெரியவில்லை அல்லது இணைய மறுக்கிறது என்றால், சேனல், கடவுச்சொல், ரௌட்டரின் பாதுகாப்பு முறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இணைந்துவிட்டது ஆனால் நெட் மட்டும் இல்லை என்றால், கணினிக்குக் கிடைத்திருக்கும் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியைப் பாருங்கள்; அது 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து எண் எதுவும் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இந்த மூன்றில் எதில் இருக்கிறீர்கள்?

வரவு செலவு | இரவு 10:24

மிக்க நன்றி. கேபிள் போட்டேன், நெட் வந்துவிட்டது. முதல் வணிகருடைய படிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 11. வீட்டில் மற்றவர்களுடைய கைப்பேசிகளில் வைஃபை கிடைக்கிறது. கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் கைப்பேசியில் கேட்டதற்கு, தாய்ப்பலகை போயிருக்கும், மாற்றுவதற்குப் பதினான்காயிரம் ரூபாய் ஆகும் என்றார். அது உண்மையா?

கடலோரம் | இரவு 10:41

கணினியைப் பார்க்காமலே தாய்ப்பலகை என்று சொல்பவரை நம்பி அதை ஒப்படைக்காதீர்கள். நீங்கள் கடற்கரை ஊரா? எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று பட்டு, கார்டில் செருகியிருக்கும் இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகளின் முனைகள் பச்சை பூத்துப் போகும். திரையின் கீலுக்குள் ஓடும் கம்பி என்பதால், திறந்து மூடித் திறந்து மூடியே அறுந்துவிடுவதும் உண்டு. நீங்களும் மூடித் திறந்த பிறகுதான் போனது என்கிறீர்கள்.

ஒற்றைப் பனை | இரவு 10:55

ஆன்டெனா கழன்றால் அலை வலுவிழக்கும். ரௌட்டருக்குப் பக்கத்தில் கொண்டு போனால் ஓரளவாவது கிடைக்கும். கார்டு பட்டியலில் இருந்தே மறைவதற்கு ஆன்டெனா காரணமாகாது. ஆனால் கார்டு தெரிகிறதா இல்லையா என்பதை அவர் இன்னும் சொல்லவே இல்லை. ஐயா, டிவைஸ் மேனேஜரில் "நெட்வொர்க் அடாப்டர்கள்" என்ற தலைப்பை விரித்து அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால், மேலே உள்ள பட்டியலில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

திண்ணை வாசி | இரவு 11:06

மூன்று முறை அணைத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறார். அது ஷட் டவுனா, ரீஸ்டார்ட்டா? விண்டோஸில் இரண்டும் ஒன்றல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் "வேகமான தொடக்கம்" என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், இயங்குதளத்தின் மையப் பகுதியும் டிரைவர்களின் நிலையும் வட்டில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படும். கெட்டுப்போன டிரைவர் நிலையும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

பழைய பலகை | இரவு 11:15

இது பாதி உண்மை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் அதுவும் முழுமையாக அணைவதுதான். தவிர, நல்ல எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) உள்ள கணினியில் வேகமான தொடக்கத்தால் மிச்சமாவது சில நொடிகள் மட்டுமே. நான் பார்க்கும் எல்லாக் கணினிகளிலும் அதை முதல் வேலையாக அணைத்துவிடுகிறேன். கண்ட்ரோல் பேனலில் மின் அமைப்புகளுக்குள், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அதற்கான குறியீட்டுக் கட்டம் இருக்கிறது.

ஒற்றைப் பனை | இரவு 11:29

இருவர் சொல்வதும் மென்பொருள் அளவில் சரி. ஆனால் ரீஸ்டார்ட்டுக்கும் எட்டாத ஓர் இடம் உண்டு. வைஃபை கார்டுக்குள் தனியாக ஒரு சிறு நிரல் ஓடுகிறது. கணினி அணைந்திருக்கும்போதும், பேட்டரியிலிருந்து தாய்ப்பலகையின் சில பகுதிகளுக்குக் காத்திருப்பு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பல கணினிகளில் கார்டின் 3.3 வோல்ட் இணைப்பும் அவற்றில் ஒன்று. உறக்கத்திலிருந்து எழும்போது அந்தச் சிறு நிரல் சிக்கிக்கொண்டால், கார்டுக்கு மின்சாரம் முழுவதும் நிற்கும் வரை அது சிக்கியபடியே இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பழைய காலத்தில் இது தானாகச் சரியாகிவிடும். இப்போது பேட்டரி உள்ளேயே பூட்டப்பட்டிருப்பதால், சார்ஜரையும் மற்ற எல்லாக் கேபிள்களையும் பிடுங்கிவிட்டு, அணைத்த நிலையில் பவர் பட்டனை ஒரு நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பழைய பலகை | இரவு 11:40

பட்டனை அழுத்திப் பிடிப்பதால் "நிலைமின்சாரம்" வெளியேறிச் சரியாகும் என்று பத்து ஆண்டுகளாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அறிவியல் அடிப்படை இல்லாத நம்பிக்கை அது. கார்டில் நிலைமின்சாரம் தேங்கி நிற்பதில்லை. இதைச் செய்து சரியானது என்று சொல்பவர்கள் எல்லாரும் கூடவே ரீஸ்டார்ட்டும் செய்திருப்பார்கள்.

ஒற்றைப் பனை | இரவு 11:58

நிலைமின்சாரம் என்ற சொல் தவறு என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். நானும் அதைச் சொல்லவில்லை. பெயர் தவறாக இருப்பதால் செய்கையும் தவறாகிவிடாது. பவர் பட்டனை நீண்ட நேரம் பிடித்தால், பல மாதிரிகளில் மின்சாரத்தை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தன்னைத் தானே மீட்டமைத்துக்கொள்கிறது. அப்போது கார்டுக்குப் போகும் மின்சாரமும் அறுந்து மீண்டும் வருகிறது. சில தயாரிப்பாளர்கள் இதற்கென்றே அடிப்பக்கத்தில் ஊசித் துளை வைத்திருக்கிறார்கள், வேறு சிலர் பயாஸ் (இயங்குதளத்துக்கு முன் இயங்கும் அடிப்படை நிரல்) திரையில் உள்பேட்டரியைத் துண்டிக்கும் தேர்வைத் தந்திருக்கிறார்கள். மூடநம்பிக்கைக்காக எந்தப் பொறியாளரும் பெட்டியில் துளை போட மாட்டார். ரீஸ்டார்ட் செய்து வராமல், இதைச் செய்த பிறகு வந்த கணினிகளை நானே பழுது பார்த்திருக்கிறேன்.

பழைய பலகை | நள்ளிரவு 12:10

ஊசித் துளையும் பவர் பட்டனும் ஒன்று என்று வைத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். எந்த மாதிரியில் எது என்ன செய்யும் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கிறது. கேள்வி கேட்டவர் மாதிரி எண்ணை இன்னும் சொல்லவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

கொங்கு நாட்டான் | நள்ளிரவு 12:16

சேனலை 6க்கு மாற்றிப் பார்த்தாரா என்பதையும் அவர் சொல்லவில்லை.

வரவு செலவு | 19ஆம் தேதி, காலை 6:48

மன்னியுங்கள், இரண்டு படிவங்களை முடித்துவிட்டுப் படுக்க மணி ஒன்றரை ஆகிவிட்டது. கீழே வைஃபைக் குறியே இல்லை; பக்கத்து வீட்டுப் பெயர்களும் தெரியவில்லை. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் இருக்கிறது, ஆனால் அதன் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறது. திறந்து பார்த்தால் இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, குறியீடு 10 என்று வருகிறது. ரீஸ்டார்ட்டும் செய்தேன், மாற்றம் இல்லை.

ஒற்றைப் பனை | காலை 7:05

நேற்றே தேவைப்பட்ட விவரம் இதுதான். கார்டு இருக்கிறது, கணினி அதைப் பார்க்கிறது, ஆனால் அதை எழுப்ப முடியவில்லை. எனவே ரௌட்டரும் சேனலும் ஆன்டெனாவும் இதில் இல்லை. முதலில் மூன்றாவது படிவத்தை முடித்துச் சேமித்துவிடுங்கள். பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜர், கைப்பேசிக் கேபிள், பென் டிரைவ் என எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பவர் பட்டனை அறுபது எண்ணும் வரை பிடியுங்கள். இடையில் கணினி ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தால் பயப்படாமல் தொடர்ந்து பிடித்திருங்கள். பத்து நிமிடம் விட்டுவிட்டு, சார்ஜரை மாட்டி இயக்குங்கள்.

அப்போதும் மஞ்சள் முக்கோணம் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டை நீக்கி, தயாரிப்பாளர் தளத்து டிரைவரைப் போடுங்கள். அமைப்புகளில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள். சேமித்த வைஃபைக் கடவுச்சொற்களை எல்லாம் அது அழித்துவிடும். புதுக் கார்டு வாங்கும் அவசரமும் வேண்டாம். சில கணினிகளில் வைஃபை வேலையின் பாதி தாய்ப்பலகையின் சில்லுக்குள்ளேயே நடக்கிறது. அதற்கென்று செய்த கார்டு வேறு கணினியில் செருகினால் இயங்காது. எதுவுமே பலிக்காவிட்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். பதினான்காயிரத்துக்கு எந்தத் தேவையும் இல்லை.

வரவு செலவு | பிற்பகல் 2:30

வந்துவிட்டது. அறுபது எண்ணினேன். முக்கோணம் போய்விட்டது, வைஃபைக் குறி வந்துவிட்டது. மூன்று படிவங்களும் தாக்கல் ஆயின. எல்லோருக்கும் நன்றி.

பழைய பலகை | பிற்பகல் 3:02

சரியானதில் மகிழ்ச்சி. ஷிஃப்டோடு முழுமையாக அணைத்ததால் சரியானதா, பட்டனைப் பிடித்ததால் சரியானதா என்பது இதிலிருந்து தெளிவாகவில்லை. இரண்டையும் தனித்தனியாகச் செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒற்றைப் பனை | பிற்பகல் 3:20

காலையில் ரீஸ்டார்ட் செய்தும் சரியாகவில்லை என்று எழுதியிருக்கிறார். ரீஸ்டார்ட்டிலும் இயங்குதளம் முழுமையாகவே புதிதாகத் தொடங்குகிறது. இருந்தாலும் நீங்கள் சொல்வது போல ஒவ்வொன்றாகச் செய்வதுதான் முறை. அவருக்கு அவகாசம் இல்லாததால் நான் சேர்த்துச் சொன்னேன். ஐயா, இது மறுபடியும் வரலாம். தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாதிரிக்குப் புதிய பயாஸ் பதிப்பும் வைஃபை டிரைவரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பயாஸை மாற்றும்போது சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், இடையில் அணைக்கக் கூடாது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் மின் நிர்வாகப் பகுதி இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற அனுமதியையும் நீக்கிவிடுங்கள்.

கடலோரம் | மாலை 5:45

ஊர் எது என்று கடைசிவரை சொல்லவில்லை. கடற்கரை ஊராக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பின்மூடியைத் திறந்து அந்த இரண்டு முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வரவு செலவு | அடுத்த மாதம் 4ஆம் தேதி, காலை 10:15

நேற்று மூடித் திறந்தபோது மறுபடியும் அதே குறியீடு 10 வந்தது. இந்த முறை ஷிஃப்டோடு மட்டும் அணைத்துப் பார்த்தேன், வரவில்லை. பிறகு பட்டனைப் பிடித்தேன், வந்தது. டிரைவரைப் புதுப்பித்துவிட்டேன். பயாஸை 20ஆம் தேதி கழிந்த பிறகு பார்க்கிறேன்.