6ஏ பள்ளி என்றால் ஆறாம் வகுப்பா? பள்ளிக் கால்பந்தின் ‘கிளாஸ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளிக் கால்பந்து பற்றி நம்மில் ஒருவர் விக்கிப்பீடியாவுக்கு எழுதிவரும் கட்டுரையின் வரைவைப் படித்தேன். (கால்பந்து என்றால் இங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அந்தப் பெயர்ச் சண்டையை வேறோர் இழையில் வைத்துக்கொள்வோம்.) நல்ல உழைப்பு. ஆனால் “6ஏ வகுப்புப் பள்ளிகள்” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். (போட்டிக்காக, மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிப்பதைத்தான் அங்கே ‘கிளாஸ்’ என்கிறார்கள்.) மதுரையில் இதைப் படிப்பவர் ஆறாம் வகுப்பு ஏ செக்‌ஷனைத்தான் நினைப்பார்.

> ‘வகுப்பு’ குழப்பம் என்றால் ‘தரம்’ என்று போடலாமே? தரவரிசை, தரப்படுத்தல் எல்லாம் ஏற்கெனவே புழங்கும் சொற்கள்தானே.

தரம் வேண்டாம் ஐயா. அது ஆட்டத்தின் உயர்வு தாழ்வைச் சொல்லும் சொல். இங்கே பிரிப்பது ஆட்டத்தை வைத்து அல்ல, தலைகளை வைத்து. நான் இருக்கும் டெக்சஸில் நடப்பதைச் சொல்கிறேன்.

இங்கே பள்ளிப் போட்டிகளை நடத்துவது யு.ஐ.எல். என்ற அமைப்பு. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அக்டோபர் கடைசியில் குறிப்பிட்ட ஒரு நாளின் கணக்கைப் பள்ளிகள் அனுப்ப வேண்டும். எல்லாப் பள்ளிகளையும் எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தி, எங்கெங்கே வெட்டுவது என்று டிசம்பரில் அறிவிக்கிறார்கள். நம் பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃப் போலவே இதுவும் முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு முறையும் மாறும். 2024இல் தொடங்கிய இரண்டாண்டுச் சுற்றுக்கு 2275 பேரும் அதற்கு மேலும் இருந்தால் 6ஏ. 1315 முதல் 2274 வரை 5ஏ. இப்படியே இறங்கி, 105 பேர்கூட இல்லாத பள்ளிகள் 1ஏ. ஆக, 1ஏ என்பது மட்டமான பள்ளி அல்ல, சின்னப் பள்ளி. ‘முதல் தரம்’ என்று எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். ‘கடைசித் தரம்’ என்றாலோ அந்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார்.

சண்டைக்கு வர அவருக்கு நியாயமும் உண்டு. 1ஏ பள்ளிகள் பெரும்பாலும் ஆடுவது வழக்கமான பதினொருவருக்குப் பதில் பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் கால்பந்து. நெப்ராஸ்காவின் ஹீப்ரன் ஊரில் ஸ்டீபன் எப்ளர் என்ற பயிற்சியாளர் 1934இல் உருவாக்கியது. மைதானம் 100 கெஜத்துக்குப் பதில் 80 கெஜம். நான்கு முயற்சியில் 10 கெஜத்துக்குப் பதில் 15 கெஜம் முன்னேற வேண்டும். ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பந்தைப் பிடிக்கலாம். முதல் பாதி முடிந்தபின் 45 புள்ளி இடைவெளி விழுந்தால் ஆட்டத்தை அத்துடன் நிறுத்திவிடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் போட்டியிடும் எதிராளி மட்டுமல்ல, ஆட்டமே மாறுகிறது. இதைத் தரம் என்ற சொல் எப்படித் தாங்கும்?

> அப்படியானால் ‘அடுக்கு’?

அழகான சொல்தான். ஆனால் அடுக்கு என்றதும் மேலே ஏறுவது, கீழே இறங்குவது என்று ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளின் நினைப்பு வரும். டெக்சஸில் 3ஏ பள்ளி கோப்பை வென்றதற்காக 4ஏ ஆகாது. ஊரில் புதுக் குடியிருப்புகள் வந்து பிள்ளைகள் கூடினால்தான் ஆகும்.

நம் ஊர்க் கபடிப் போட்டி நோட்டீஸில் ‘60 கிலோ எடைப்பிரிவு’ என்று அச்சடிப்பார்களே, அதுதான் இதற்குச் சரியான முன்மாதிரி என்பது என் கருத்து. எடைப்பிரிவு யாரையும் மட்டம் தட்டுவதில்லை; தராசு என்ன காட்டுகிறது என்று மட்டும் சொல்கிறது. அதே தடத்தில், மக்கள்தொகை போல மாணவர்தொகை. அதை வைத்துப் பிரிப்பது தொகைப்பிரிவு. (‘மாணவர் சேர்க்கை’ இங்கே சரிவராது. அது ஜூன் மாதம் பள்ளி வாசலில் நடப்பது.)

அன்புடன்,
மா.
டாலஸ்

---

மா. அண்ணாவுக்கு,

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். தரம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்: எங்களிடம் ‘தரம் 6’ என்றாலே ஆறாம் வகுப்புத்தான். ‘தரம் 6ஏ’ என்று கட்டுரையில் கண்டால் எங்கள் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தேடுவார்கள்.

ஆனால் தொகைப்பிரிவிலும் எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. ஒன்று, டெக்சஸில் ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் ‘டிவிஷன்’ ஒன்று, இரண்டு என்று இருக்கிறதே, ‘பிரிவு’ என்ற சொல்லை நீங்கள் இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன மிஞ்சும்? மற்றது, இலினாய் மாநிலத்தில் தனியார் பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்குகிறார்கள். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி 1650 என்று கணக்கில் ஏறும். அது தொகையா, பொய்த்தொகையா?

சு.

---

சு. தங்கைக்கு,

பொய்த்தொகை என்ற சொல்லை ரசித்தேன். இலினாய்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

முதலில் டிவிஷன். அதற்கு ‘உட்பிரிவு’ போதும். ஆனால் கட்டுரையில் ஓர் இடத்தில் கவனம் தேவை. 5ஏ வரையில் எந்தப் பள்ளி எந்த உட்பிரிவு என்பது பருவம் தொடங்குமுன்பே முடிவாகிவிடும். 6ஏ மட்டும் வேறு. எல்லோரும் கலந்தே ஆடுவார்கள். வட்டாரத்துக்கு (ஒன்றோடொன்று ஆடும் பள்ளிகளின் குழுவுக்கு) நான்கு அணிகள் பிளேஆஃப் என்னும் வெளியேற்றுச் சுற்றுக்குத் தகுதி பெற்றபின் அந்த நான்கில் மாணவர்தொகை அதிகமுள்ள இரண்டு முதல் உட்பிரிவுக்கும் மற்ற இரண்டு இரண்டாம் உட்பிரிவுக்கும் போகும். வட்டாரத்தில் முதலிடம் பிடித்த அணி இரண்டாம் உட்பிரிவுக்குப் போவதும், தட்டுத் தடுமாறி நான்காவதாக வந்த அணி முதல் உட்பிரிவுக்குப் போவதும் இங்கே சாதாரணம். தரம் என்ற சொல்லை ஒழித்துக்கட்ட இந்த ஓர் உதாரணமே போதும் என்பேன்.

அப்படியெல்லாம் பிரித்தும் 6ஏக்குள் இடைவெளி சின்னதல்ல. 2024 சுற்றில் அதன் தரை 2275. கூரை கிடையாது. டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊர் வளர்ந்தபோதும் ஒரே உயர்நிலைப் பள்ளியோடு நின்றது. அங்கே 5000 பேருக்கு மேல். 2012இல் 60 மில்லியன் டாலர் செலவில் 18,000 இருக்கை போட்டு அரங்கம் கட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆட. சற்றுத் தள்ளி ஃப்ரிஸ்கோ. அதுவும் அதே வேகத்தில் வளர்ந்த ஊர். ஆனால் பள்ளிகளைப் பெரிதாக்க வேண்டாம் என்று முடிவெடுத்துப் பத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளாகக் கட்டிக்கொண்டே போனது. அதனால் அந்தப் பள்ளிகள் நெடுங்காலம் 5ஏயிலேயே நின்றன. இரண்டு ஊரிலும் நம்மவர் பிள்ளைகள் நிறைய. ஆட்டத்தைவிட மார்ச்சிங் பேண்டில்தான் அதிகம். ஊருக்குள் எத்தனை பேர் என்பதல்ல, ஒரு கூரைக்குக் கீழே எத்தனை பேர் என்பதே தொகை. கட்டுரையில் ‘பெரிய ஊர்களின் பள்ளிகள்’ என்று எழுதியிருப்பதை ‘பெரிய பள்ளிகள்’ என்று திருத்த வேண்டும்.

இனி இலினாய். இதுபோன்ற திருத்தங்கள் பல மாநிலங்களில் உண்டு. காரணம் எளிது: அரசுப் பள்ளி தன் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளையே பெரும்பாலும் எடுக்கும், தனியார் பள்ளி எங்கிருந்தும் எடுக்கலாம். இரண்டிலும் 500 பேர் என்றால் அந்த 500ம் இந்த 500ம் மைதானத்தில் ஒன்றல்ல. அலபாமாவிலும் தனியார் பள்ளிகளுக்கு இப்படி ஒரு பெருக்கல் வந்தது, அங்கே 1.35. மினசோட்டா எதிர்த்திசையில் போகிறது: இலவச, சலுகை விலை மதிய உணவு பெறும் மாணவர் எண்ணிக்கையில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டே பள்ளியை எடைபோடுகிறது. ஏழைப் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டியிருக்கும், பயிற்சிக்கு வர முடியாது என்ற புரிதல். எனக்குப் பிடித்த விதி இதுதான்.

ஆகவே பதிவேட்டில் உள்ளது ‘மெய்த்தொகை’. பெருக்கியோ கழித்தோ வருவது ‘கணக்குத்தொகை’. பெருக்கும் எண் ‘பெருக்கெண்’. பிரிவு எதுவானாலும் தொகையிலிருந்து பிறப்பதால் தொகைப்பிரிவு நிலைக்கும்.

நிலைக்காத இடமும் உண்டு, மறைப்பானேன். கலிபோர்னியாவின் பல பகுதிகளில் இப்போது பிளேஆஃபுக்குத் தலை எண்ணுவதில்லை. அணி எப்படி ஆடுகிறது என்பதை வைத்தே பிரிக்கிறார்கள். அங்கே ‘திறன்பிரிவு’ என்றுதான் சொல்ல வேண்டும். இண்டியானா இரண்டுக்கும் நடுவில்: தொகையை வைத்தே பிரிவு, ஆனால் இரண்டாண்டுகள் தொடர்ந்து வென்று போதுமான புள்ளி சேர்த்த பள்ளி ஒரு பிரிவு மேலே ஏற வேண்டும். அதற்கு ‘வெற்றியேற்றம்’ என்று வைக்கலாம்.

> அண்ணா, ‘ரீஅலைன்மென்ட்’? மறுசீரமைப்பு என்று போட்டிருக்கிறார்கள்.

மறுசீரமைப்பு கடன் கொடுத்த வங்கிக்காரர் சொல். தேர்தல் தொகுதிகளைப் பற்றி நாளிதழ்களில் அடிபடும் ‘மறுவரையறை’யே இதற்குப் பொருந்தும். வேலையும் அதேதான்: தலையை எண்ணு, கோட்டை மாற்றிப் போடு, யார் யாரோடு என்று முடிவு செய். இரட்டைப்படை ஆண்டுகளின் பிப்ரவரித் தொடக்கத்தில் பயிற்சியாளர்கள் மண்டலக் கல்வி மையங்களில் கூடுவார்கள். காலையில் பட்டியல் கைக்கு வரும். தங்கள் வட்டாரத்தில் யார் யார், எத்தனை மைல் பஸ்ஸில் போக வேண்டும் என்று பார்த்த கையோடு, காலி வாரங்களுக்கு எதிராளி தேடி அங்கேயே பேரம் தொடங்கிவிடும். மேற்கு டெக்சஸில் சில பள்ளிகளுக்கு ‘பக்கத்து’ எதிராளி என்றாலே பல மணி நேரப் பயணம். அவர்களுக்குத் தொகைப்பிரிவைவிட இந்த வரைபடம்தான் பெரிய கவலை.

மா.

---

மா. அண்ணா,

தொகைப்பிரிவு, உட்பிரிவு, மறுவரையறை மூன்றுக்கும் என் ஒப்புதல். ‘டிஸ்டிரிக்ட்’ என்பதற்கு நீங்கள் போகிறபோக்கில் ‘வட்டாரம்’ என்று எழுதிவிட்டீர்கள். வரைவில் ‘மாவட்டம்’ என்று இருக்கிறது. பள்ளிகளை நிர்வகிக்கும் மாவட்டம் வேறாக இருக்கும்போது அது குழப்பும்.

சு.

---

அப்படியே ‘போட்டி வட்டாரம்’ என்று வைத்துக்கொள்வோம். மறுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்; இல்லாவிட்டால் வரைவில் மாற்றிவிடுகிறேன்.

ஒகையோ பத்தியை மட்டும் எழுதியவர் இப்போதே திருத்திவிட்டால் நல்லது. அங்கே ஏழு டிவிஷன். டெக்சஸுக்கு நேர் எதிராக, ஒன்றுதான் மிகப் பெரிய பள்ளிகளுக்கு, ஏழு மிகச் சின்னவற்றுக்கு. வரைவில் “முதல் நிலை அணிகள்” என்று இருப்பதை “முதல் தொகைப்பிரிவு அணிகள்” ஆக்கி, பக்கத்திலேயே “மாணவர்தொகை மிகுந்த பள்ளிகள்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மா.