ஆட்டு அம்மை ஊசி மாட்டுக்குப் போதுமா?

கொங்குத் தொழுவம்:
"2022ல ஆட்டு அம்மை ஊசி போட்டதாலதான் மாடு தப்பிச்சுது, மாட்டுக்கு வர்ற லம்பிங்கிற தோல் கழலை நோய்க்கு அது போதும்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க தொழுவத்துல அந்த ஊசி போட்ட மாட்டுக்கே உடம்பெல்லாம் கழலை. முன்னங்கால் வீங்கி, காம்பு புண்ணாகி, கன்னுக்குட்டியக் கிட்டயே விடல. ஆட்டு ஊசி ஆட்டுக்குத்தான்.

வைரஸ்வாசகன்:
எழுதினது நான்தான். வெள்ளாட்டு அம்மை, செம்மறி அம்மை, லம்பி மூணுமே கேப்ரிபாக்ஸ்ங்கிற ஒரே வைரஸ் இனம், மரபணு ஏறக்குறைய 96 சதவீதம் ஒண்ணு. 2019ல ஒடிசாவுல லம்பி வந்தப்ப நாட்டுல வேற ஊசி ஏது? கையில இருந்ததப் போட்டாங்க. சும்மா விட்டிருக்கணுமா?

கொங்குத் தொழுவம்:
சும்மா விடச் சொன்னேனா? "போதும்"னீங்களே, அதச் சொல்லுங்க. இஸ்ரேல்ல 2012-13ல செம்மறி அம்மை ஊசியப் பத்து மடங்கு அளவுல போட்டும், லம்பி வைரஸ்லயே செஞ்ச நீத்லிங் ஊசிதான் நல்லாக் காப்பாத்துச்சு. 2016ல பல்கேரியாவும் கிரீஸும் அடக்கினது நீத்லிங்காலதான்.

வைரஸ்வாசகன்:
அது செம்மறி ஊசி. நான் பேசறது வெள்ளாட்டு ஊசி. எத்தியோப்பியாவுல கோர்கான்ங்கிற வகை வெள்ளாட்டு அம்மை ஊசி மாட்டக் காப்பாத்தியிருக்கு. குழப்பாதீங்க.

கொங்குத் தொழுவம்:
போதும்னா ஹிசார் குதிரை ஆராய்ச்சி மையமும் இஜத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2022 ஆகஸ்ட்ல லம்பி-புரோவேக்ங்கிற ஊசிய எதுக்கு வெளியிட்டாங்க? 2019ல ராஞ்சி மாட்டுல எடுத்த வைரஸ வீரோங்கிற ஆய்வகக் குரங்கு செல்லுல திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைச்சாங்களே, வேல இல்லாமலா?

பால்பண்ணை அக்கா:
நாங்க வெத்தல பத்து, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம், வெல்லம் சேத்து அரைச்சுக் குடுத்தோம். புண்ணுக்கு வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள் எண்ணெயில காய்ச்சிப் போட்டோம். ஈ அண்டல.

வைரஸ்வாசகன்:
புண் ஆறும். நோய் வராமத் தடுக்காது.

பால்பண்ணை அக்கா:
தடுக்கும்னு யாரு தம்பி சொன்னா? கோமாரி பத்திப் பேசினப்பவும் இப்படித்தான் மட்டம் தட்டினீங்க. மறக்கல.

வைரஸ்வாசகன்:
அத ஏன்க்கா இங்க இழுக்கறீங்க? மாட்டுக்கு வந்த வெக்கை நோய்க்கு (ரிண்டர்பெஸ்ட்) முக்தேஸ்வர் ஆய்வகத்துல எட்வர்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி 1920கள்ல ஆட்டுல வளர்த்த ஊசியத்தான் மாட்டுக்குப் போட்டார். அந்த நோய் 2011ல உலகத்த விட்டே ஒழிஞ்சுது.

கொங்குத் தொழுவம்:
அது மாட்டு வைரஸ்! ஆட்டுல வளர்த்தாங்க, அவ்வளவுதான். நீங்க சொல்றது ஆட்டோட சொந்த வைரஸ். இதுகூடத் தெரியாம எங்களுக்குப் பாடம் எடுக்கறீங்களா?

வைரஸ்வாசகன்:
தெரிஞ்சுதான் எழுதினேன். 96 சதவீதத்துக்குப் பதில் சொல்லுங்க.

பால்பண்ணை அக்கா:
எனக்கும் பதில் வரல தம்பி.

கொங்குத் தொழுவம்:
மிச்ச 4 சதவீதத்துலதான் எங்க மாடு படுத்துச்சு. ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்த மாட்டையும் ரத்தச் சோதனையில பிரிச்சுக் காட்டற ஊசிக்கே 2025ல உரிமம் குடுத்தாச்சு. இன்னும் ஆட்டு ஊசி போதும்னு எழுதினா, ஒவ்வொரு தடவையும் வந்து கேப்பேன்.

வைரஸ்வாசகன்:
கேளுங்க. எழுதினத மாத்த மாட்டேன்.