புதுப்பிப்பு: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் நடை

பக்கவாதம் வந்த அப்பா பிசியோதெரபி முடிந்ததும் படுக்கையிலேயே கிடக்கிறார், என்ன செய்யலாம் என்று மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சிதான். பலவீனமான இடது காலைக் கொஞ்சம் பின்னே வைத்து எழச் சொன்னவருக்குத் தனி நன்றி, அதுவரை முழு எடையையும் நல்ல காலிலேயே போட்டுக்கொண்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுவிட்டு, கெட்டியான திண்டு போட்டு நாற்காலியை உயரமாக்கி ஐந்து ஐந்தாகத் தொடங்கினோம், இப்போது திண்டு இல்லாமலேயே நாளுக்கு 40 முறை. அப்புறம் வாசல் வரை, தெருமுனை வரை என்று நடை கூடியது, இப்போது ஊன்றுகோலோடு டீக்கடைக்கே போய் வருகிறார்.

எதிர்பாராதது அசதி. காலையில் அதிகம் செய்தால் மாலையில் கால் இழுபடும், அதனால் இரண்டு வேளையாகப் பிரித்துவிட்டோம். மாடிப்படிக்கு மட்டும் இன்னும் ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.